ஊசியிலேயே உறைந்த ரத்தம்

அக்பர் அலி அன்று காலை முதலில் சந்தேகப்பட்டது தன் கையைத்தான். பதினைந்து வருஷமாக ஊசி பிடிக்கிற கை அது. இம்பால் பக்கம் பட்டாளத்து ஆஸ்பத்திரிக் கூடாரத்தில், குண்டு விழுகிற சத்தத்துக்கு நடுவேகூட நரம்பைத் தவறவிட்டதில்லை. ஆனால் பெண்கள் வார்டில் ஏழாம் கட்டிலில் படுத்திருந்த ராசாத்தாளின் கையிலிருந்து எடுத்த ரத்தம், கண்ணாடி டியூபுக்குப் போவதற்குள் ஊசியிலேயே அடைத்துக்கொண்டது. சிரிஞ்சை அழுத்திப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.

ஊசியைச் சரியாகக் கழுவவில்லையோ என்று நினைத்தார். லேபுக்குப் போய், கொதிக்க வைத்த வேறு சிரிஞ்சையும் வேறு ஊசியையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஏனுங்க பாய், ஒருக்கா குத்துனது பத்தலீங்களா? மறுக்கா வந்துட்டீங்க" என்றாள் ராசாத்தாள்.

"என்ற தப்பா இருக்கும் அம்மணி. இன்னொருக்கா மட்டும் பொறுத்துக்குங்க."

"குத்துங்க குத்துங்க. மாட்டுக்கு லாடம் கட்டறப்ப நான் பாத்தவதானே."

இந்தத் தடவை மளமளவென்று எடுத்து, கட்டில் பக்கத்திலேயே மூன்று டியூபுகளில் இறக்கினார். வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்தில் அவற்றை நிறுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை டியூபைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் ஓடாமல் நின்றுவிட்டால் உறைந்துவிட்டது என்று கணக்கு. நல்ல உடம்புக்காரருக்கு ஏழு, எட்டு நிமிஷம் ஆகும். ராசாத்தாளின் ரத்தம் இரண்டரை நிமிஷத்தில் கல்லாக நின்றது. மூன்று டியூபிலும் அப்படித்தான்.

அக்பர் அலி நேரத்தைக் குறித்துக்கொண்டார். இப்படிப்பட்ட ரத்தத்தை அவர் இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தார்.

இது நடந்தது 1958 ஐப்பசியில். அக்பர் அலிக்கு அப்போது முப்பத்தாறு வயது. கோவைக் கோட்டைமேட்டில் தகர வேலை செய்தவரின் மகன். உலக யுத்தத்தின்போது பட்டாளத்தில் சேர்ந்தார். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்திருந்ததால் துப்பாக்கியைக் கொடுக்காமல் ரத்தம் சேகரிக்கும் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே கற்றுக்கொண்ட வேலையோடு ஊர் திரும்பி, நகருக்குள் இருந்த ஐம்பது கட்டில் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப்காரராகச் சேர்ந்தார். லேப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஸ்டவ். ஊசிகள் மழுங்கினால் அவரே கல்லில் தீட்டிக்கொள்வார். செய்த டெஸ்ட் ஒவ்வொன்றையும் ரெஜிஸ்டரில் எழுதிவைப்பார். யாரும் அதைப் புரட்டிப் பார்ப்பதில்லை. இருந்தாலும் எழுதுவார்.

அந்த இன்னொரு ரத்தம் அவருடைய மச்சினனுடையது. மனைவி ஆமினா பீவியின் ஒரே தம்பி ஷேக் பரீத். ஒப்பணக்காரத் தெருவில் தையல் கடை வைத்திருந்தான். கடையை மூடிவிட்டு வரும்போது ஏதாவது சொல்லித் தெருவையே சிரிக்க வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவான். 1954இல் அவனுக்கு இடது கெண்டைக்காலில் வலியும் வீக்கமும் வந்தன. தையல் மிஷின் மிதிக்கிற கால், அதனால் வந்தது என்றார்கள். எண்ணெய் போட்டு நீவினார்கள். கால் சரியானது. பத்து நாள் கழித்து வலது கையில் நரம்பு கயிறு மாதிரித் திரண்டது. அதுவும் அடங்கி, பிறகு நெஞ்சோரத்தில் வந்தது. அக்பர் அலியே அவனுக்கு ரத்தம் எடுத்தார். சீக்கிரம் உறைவதைப் பார்த்தார். ரெஜிஸ்டரில் 'இரண்டே முக்கால் நிமிஷம்' என்று எழுதினார். எழுதியதோடு சரி. யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

மூன்று மாதத்தில் அவன் கண் மஞ்சளானது. மதராஸிலிருந்து வந்திருந்த ஒரு வயதான சர்ஜன் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார். கணையத்தில் புற்று. ஈரல் முழுக்கப் பரவிவிட்டது. கை கழுவிக்கொண்டே அவர் சொன்னார்: "முதல் முதல்ல கால்ல ரத்தம் கட்டின அன்னிக்கே வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு தேடியிருக்கணும். காரணமே இல்லாம இடம் மாறி இடம் மாறி ரத்தம் கட்டினா, உள்ள புற்று ஒளிஞ்சிருக்கலாம். கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு பிரெஞ்சு வைத்தியர் கண்டுபிடிச்ச விஷயம். தனக்கே அப்படிக் கட்டினப்போ, 'எனக்கு வந்திருக்கறது புற்றுதான்'னு சொல்லிட்டுச் செத்துப்போனார் அவர்."

பரீத் அந்த மாதமே இறந்துபோனான். ரெஜிஸ்டரில் தான் எழுதிய எண்ணைப் பற்றி அக்பர் அலி ஆமினாவிடம் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். ஆமினா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போட்டுக்கொண்டே, "தெரியாம நடந்தது, போச்சுங்க. அடுத்த ஆளுக்குத் தெரிஞ்சே நடக்கவுட்றாதீங்க" என்றாள்.

அந்த அடுத்த ஆள் இப்போது ஏழாம் கட்டிலில் படுத்திருந்தாள்.

ராசாத்தாள் பெருந்துறைக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும் செங்கோடனின் மனைவி. வயது முப்பத்தெட்டு. இடது கால் தொடை வரை வீங்கி வந்திருந்தாள். ஒரு மாதத்துக்கு முன்னால் வலது காலில் இதே மாதிரி வீங்கி, வற்றிப்போனதாம். பெரிய டாக்டர் முதலில் யானைக்கால் என்று நினைத்தார். அதற்கான ரத்தப் பரிசோதனையில் புழு ஒன்றும் தென்படவில்லை. சரி, நாளெல்லாம் களை வெட்டுகிறவள், நரம்பில் ரத்தம் கட்டியிருக்கிறது, துணி கட்டிக் காலைத் தூக்கி வைத்தால் சரியாகிவிடும் என்று முடிவு செய்தார்.

பெரிய டாக்டர் கெட்டவர் அல்ல. நாளைக்கு எண்பது பேரைப் பார்க்கிறவர். அக்பர் அலி போய் நின்றபோது மேஜையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"என்ன அக்பர்?"

"ஏழாம் கட்டில் அம்மாவுக்கு ரத்தம் ரெண்டரை நிமிஷத்துல உறையுதுங்க. போன மாசம் அந்தக் கால், இந்த மாசம் இந்தக் கால். உள்ளார எதாச்சும் இருக்குமோன்னு…"

"டியூப் அழுக்கா இருந்திருக்கும். நல்லாக் கழுவிட்டுச் செய்."

"ரெண்டு தடவை செஞ்சனுங்க, வேற வேற டியூபுல."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நீ ரத்தத்தைப் பாரு. நோயாளியை நான் பாத்துக்கறேன்."

அக்பர் அலி லேபுக்குத் திரும்பினார். நான்காம் நாள் வீக்கம் பாதியாகக் குறைந்ததும், ராசாத்தாளைக் காலில் துணிக்கட்டோடு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே நின்று அவள் நொண்டி நொண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்பர் அலிக்குத் தன்மீதே ஆத்திரமாக வந்தது. தெரிந்தும் விட்டுவிட்டோமே என்று இருந்தது.

அன்று மத்தியானமே ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு டாக்டர் கோமளாவின் அறைக்குப் போனார். கோமளா பிரசவ வார்டையும் பெண்களுக்கான ஆபரேஷன்களையும் கவனித்துவந்த லேடி டாக்டர். சிங்காநல்லூர்ப் பக்கம் தோட்டக்காரர் வீட்டுப் பெண். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். மதராஸில் படித்துவிட்டு வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. வீண் பேச்சு பிடிக்காது. அக்பர் அலி சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்த டெஸ்ட் இதுவரைக்கும் எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க?"

"நானூத்தி இருபத்தாறு பேருங்க."

"அதுல மூணு நிமிஷத்துக்குக் கீழ எத்தனை பேரு?"

"ரெண்டே பேருங்க." பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "இந்தம்மா ஒண்ணு. முதல் ஆள் என்ற மச்சினனுங்க. இப்ப இல்லீங்க."

கோமளா இரண்டு எண்களையும் படித்தாள். "அந்தம்மா எந்த ஊரு?"

"பெருந்துறைக்குப் பக்கமுங்க."

"கூட்டிட்டு வாங்க. நான் பாக்கறேன். பெரிய டாக்டர் கிட்ட நானே சொல்லிக்கறேன்."

அக்பர் அலி கார்டு எழுதிப் போட்டார். பத்து நாளாகியும் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆமினா அவருக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். பெருந்துறைக்குப் பஸ் ஏறினார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி, விசாரித்து விசாரித்து மூன்று மைல் நடந்தார். செங்கோடன் கிணற்றடியில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். சட்டைக்கும் குல்லாவுக்கும் மேலே புழுதி படிந்து ஒருவர் வரப்பில் வருவதைப் பார்த்ததும் மாட்டை நிறுத்தினார். ராசாத்தாள் களத்தில் உட்கார்ந்து நிலக்கடலை பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரே கையால் செய்தாள். இடது கைதான் வேலை செய்தது. வலது கை முழங்கை வரை வீங்கி மடியில் கிடந்தது.

அக்பர் அலி அந்தக் கையைப் பார்த்தார். காலில் ஆரம்பித்தது, இப்போது கைக்கு வந்துவிட்டது.

"அட, ரத்தக்கார பாயி!" என்று எழப்போனாள் ராசாத்தாள். "வாங்க வாங்க. ஏனுங்க, பாயிக்கு மோர் கொண்டாங்க. கார்டு வந்துச்சுங்க. கடலைச் சோலி முடிஞ்சதும் வரலாம்னு இருந்தோம். காலுதான் இப்ப வலி இல்லீங்களே."

"கால்ல இல்ல அம்மணி. கையைப் பாருங்க."

"இது எதாச்சும் பூச்சி கடிச்சிருக்குமுங்க."

மோரைக் குடித்து முடித்ததும் அக்பர் அலி விஷயத்தைச் சொன்னார். செங்கோடன் நம்பவில்லை.

"வயித்துல வலின்னு இவ ஒரு நாளும் சொன்னதில்லீங்களே. கால் வீங்குனா காலைப் பாக்கோணும். கை வீங்குனா கையைப் பாக்கோணும். வயித்தை எதுக்குங்க பாக்கோணும்?"

அக்பர் அலி எப்படிச் சொல்வது என்று யோசித்தார். அறுவடையில் அரிவாள் பட்ட தழும்பு செங்கோடனின் விரலில் இருந்தது. அதைக் காட்டினார்.

"இது பட்டப்ப ரத்தம் வந்துதுங்களா? அப்புறம் தானா உறைஞ்சு நின்னுதுங்களா? காயம் பட்டா ரத்தம் உறையோணும். அது நல்லதுக்கு. ஆனா அம்மணிக்கு வெளியில ஒரு கீறல்கூட இல்லீங்க. காயமே இல்லாம கால்ல கட்டுது, கையில கட்டுதுன்னா, உள்ளார எதோ ஒண்ணு, 'காயம், காயம்'னு ரத்தத்துக்குப் பொய் சொல்லிட்டே இருக்குதுங்க. அது என்னன்னு பாக்கோணும். ஒண்ணுமில்லீன்னா நல்லதுதானுங்க. நான் வந்து உங்க ரெண்டு பேர்த்துகிட்டயும் மாப்புக் கேட்டுக்கறேன்."

ராசாத்தாள் கடலை பிரிப்பதை நிறுத்திவிட்டு அக்பர் அலியைப் பார்த்தாள்.

"நீங்க டாக்டருமில்ல, எங்களுக்குச் சொந்தம் ஒறம்பரையுமில்ல. ஞாயித்துக்கிழமை இத்தனை தூரம் எதுக்குங்க வந்தீங்க?"

அக்பர் அலி ஷேக் பரீதைப் பற்றிச் சொன்னார். தையல் மிஷினைப் பற்றி, நீவிய எண்ணெயைப் பற்றி, தான் நிமிஷக் கணக்கை எழுதிவிட்டுச் சும்மா இருந்ததைப் பற்றி.

ராசாத்தாள் மடியிலிருந்த கடலைத் தொலியை உதறிவிட்டு எழுந்தாள்.

"மாமா, மாட்டை அவுத்துத் தண்ணி காட்டிப்போட்டு வாங்க. பொழுதோட பஸ்ஸப் புடிச்சிரலாம். புள்ளைகளை அக்கா ஊட்ல விட்டுக்கலாம்."

"கடலை?"

"கடலை எங்கயும் ஓடிப்போயிராது."

மறுநாள் கோமளா பரிசோதித்துவிட்டு வெளியே வந்தாள். முகம் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் நேராக மாடிப்படிக்குக் கீழே இருந்த லேபுக்கு வந்து வாசலில் நின்றாள்.

"இருக்கு பாய். வலது பக்கச் சினைப்பையில, சாத்துக்குடி அளவுக்கு. இடுப்பெலும்புக்குள்ள உக்காந்திருக்கறதால வெளியில தெரியல. அசையுது, எங்கயும் ஒட்டினாப்ல இல்ல. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா…" என்று நிறுத்தினாள். "ஆனா ஒரு சிக்கல். இத்தனை சீக்கிரமா உறையற ரத்தத்தோட ஆபரேஷன் செஞ்சா, கால்ல இருக்கற ரத்தக்கட்டி பிச்சிட்டு நுரையீரலுக்குப் போயிரலாம். மேஜை மேலயே உயிர் போயிரும். உறையாம இருக்க மருந்து போடணும். மருந்து அதிகமாயிட்டா கத்தி வெச்ச இடத்துல ரத்தம் நிக்காது. நீங்க சொல்ற எண்ணை நம்பித்தான் நான் கத்தியை எடுக்கணும்."

அடுத்த ஐந்து நாளும் அக்பர் அலியின் உலகம் மூன்று கண்ணாடி டியூபுகளுக்குள் அடங்கிவிட்டது. ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி போடுவதற்கு முன்னால் ஒரு டெஸ்ட், பின்னால் ஒரு டெஸ்ட். முதல் நாள் மருந்துக்குப் பிறகும் நான்கு நிமிஷத்தில் உறைந்தது. மருந்தைக் கூட்டினார்கள். இருபத்தைந்து நிமிஷம் ஆகியும் உறையவில்லை. குறைத்தார்கள். ராசாத்தாளின் இரண்டு கைகளும் ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போயின. "பாயி, உங்களுக்கு என்ற கையில குத்தறதுக்கு எடமே மிச்சமில்லீங்க. அடுத்தது எங்க, மூக்குலயா?" என்று கேட்டாள். பயம் அவளுக்கும் இருந்தது. ஐந்தாம் நாள் இரவு செங்கோடன் வெளியே போன சமயம், "நாளைக்கு நான் கண்ணு முழிக்கலீன்னா அவர்த்த மெதுவாச் சொல்லுங்க. அவுரு பயந்துக்குவாரு" என்று அக்பர் அலியிடம் சொல்லிவைத்தாள்.

ஆபரேஷன் அன்று அதிகாலையிலேயே மருந்தை நிறுத்தியிருந்தார்கள். ஏழு மணிக்கு அக்பர் அலி ரத்தம் எடுத்தார். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை சாய்த்தார். ஐந்து நிமிஷம், ஆறு, ஏழு. எட்டு நிமிஷத்தில் முதல் டியூப் நின்றது. ஒன்பதில் மற்ற இரண்டும் நின்றன. தியேட்டர் கதவருகே போய், "ஒம்பது நிமிஷமுங்க. ஆரம்பிக்கலாமுங்க" என்றார்.

உள்ளே கோமளாவுக்கு உதவியாக நின்றவர் பெரிய டாக்டர். யாரும் அழைக்காமல் அவராகவே வந்து கையுறை மாட்டிக்கொண்டார்.

செங்கோடன் வராந்தாவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அக்பர் அலி பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. கோமளாவின் நெற்றியெல்லாம் வியர்வை.

"முழுசா வந்திருச்சு. உடையல, கிழியல. மத்த எடமெல்லாம் கையை விட்டுத் தடவிப் பாத்துட்டேன், சுத்தமா இருக்கு. இனிமே தொந்தரவு வராம கர்ப்பப்பையையும் எடுத்துட்டேன். நல்லா இருக்காங்க."

செங்கோடன் எழுந்து அவளைக் கும்பிட்டார். பிறகு திரும்பி அக்பர் அலியையும் கும்பிடப் போனார். அக்பர் அலி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெரிய டாக்டர் கடைசியாக வெளியே வந்தார். அக்பர் அலியின் தோளில் கை வைத்து, எல்லாரும் கேட்கும்படி சொன்னார்: "உங்க டியூபெல்லாம் சுத்தமாத்தான் இருந்திருக்கு. தப்பு என் பேர்லதான்." அதுவரை 'நீ' என்று கூப்பிட்டவர் அன்றிலிருந்து 'நீங்க' என்றார்.

எடுத்த கட்டியில் ஒரு பகுதியை மதராஸுக்கு அனுப்பினார்கள். இன்னொரு பகுதியை அக்பர் அலி மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாகச் சீவி, சாயமேற்றி, ஸ்லைடாக்கினார். பார்த்துச் சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. ஆனால் பார்க்கக் கண் இருந்தது. ஒழுங்காக வரிசையில் நிற்க வேண்டிய அணுக்கள் கன்னாபின்னாவென்று பெருகிக் கிடந்தன. கட்டியின் ஓரத்தில் ஒரு சின்ன ரத்தக்குழாய். அதற்குள் இளஞ்சிவப்பில் சிலந்தி நூல் போன்ற வலை, உறைந்த ரத்தம். அந்த வலைக்கு நடுவில் நாலைந்து புற்றணுக்கள் பதுங்கியிருந்தன.

கோமளாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இத பாருங்க பாய்" என்றாள், மைக்ராஸ்கோப்பைவிட்டு விலகாமலே. "புற்று ரத்தத்தை உறைய வைக்குதுங்கறது பழைய விஷயம். எதுக்கு உறைய வைக்குதுன்னு இப்பத்தான் வெளிநாட்டுப் பத்திரிகைகள்ல எழுத ஆரம்பிச்சிருக்காங்க. கட்டி வளர்றதுக்கு, பந்தல்ல கொடி ஏறற மாதிரி, இந்த நூலைப் புடிச்சிட்டு வளருதாம். அதுலருந்து கழண்ட அணுவும் ரத்தத்துல தனியாப் போனா பெரும்பாலும் செத்துருமாம். இப்படி உறைஞ்ச ரத்தத்தைப் போர்த்திட்டுப் போச்சுன்னா போற எடத்துல ஒட்டிக்கிட்டு வேர் விடுமோங்கறாங்க. இன்னும் யாரும் முடிவாச் சொல்லல. ஆனா இந்தக் குழாயைப் பாருங்க. இது கிளம்பறதுக்குத் தயாரா இருந்த வண்டி."

"கிளம்பறதுக்கு முன்னால புடிச்சுட்டமுங்களா?"

கோமளா நிமிர்ந்தாள். அக்பர் அலி அவள் சிரித்துப் பார்த்தது அன்றுதான். "புடிச்சுட்டீங்க" என்றாள்.

மதராஸிலிருந்து வந்த கடிதம் புற்றுதான் என்று உறுதி செய்தது. ஆனால் கட்டியின் மேல்தோலைத் தாண்டி வெளியே வரவில்லை என்றும் சொன்னது.

ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடி போட்டுவந்த ஹெப்பாரினைப் பத்தாம் நாள் நிறுத்தினார்கள். பதினொன்றாம் நாள் காலையில், மருந்து எதுவும் உடம்பில் இல்லாத நேரத்தில், அக்பர் அலி ராசாத்தாளுக்கு மறுபடி ரத்தம் எடுத்தார். கோமளா வந்து நின்றாள். பெரிய டாக்டர் வந்தார். நர்ஸ்கள் இரண்டு பேர் வந்தார்கள். கட்டிலைச் சுற்றிக் கூட்டம். எல்லார் கண்ணும் மூன்று டியூபுகள்மேல். மூன்றாம் நிமிஷம் அக்பர் அலி சாய்த்தார். ரத்தம் ஓடியது. நான்காம் நிமிஷம் ஓடியது. ஐந்திலும் ஆறிலும் ஓடியது. ஏழரை நிமிஷத்தில் முதல் டியூப் நின்றது.

"ஏழரை" என்றார் அக்பர் அலி. "எல்லார்த்துக்கும் இருக்கற மாதிரியே இருக்குதுங்க."

"அப்படின்னா என்னுங்க?" என்றாள் ராசாத்தாள்.

"பொய் சொல்லிட்டு இருந்த ஆளை வெளியேத்தியாச்சு அம்மணி."

ராசாத்தாளுக்கு அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கை வீங்கவில்லை, கால் வீங்கவில்லை. காலில் மிச்சமிருந்த ரத்தக்கட்டி கரையட்டும் என்று ஆறு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரையின் அளவைச் சரிபார்க்க வேறொரு டெஸ்ட் வேண்டும். அதற்குத் தேவையான பொடியை முயலின் மூளையிலிருந்து தயாரிக்க வேண்டும். அக்பர் அலி குன்னூரில் நாய்க்கடி மருந்து தயாரிக்கிற நிலையத்துக்கு எழுதி முயல் வரவழைத்து, மாடிப்படிக்குக் கீழேயே பொடி செய்துகொண்டார். வாசம் தாங்காமல் நர்ஸ்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு படி ஏறினார்கள். ராசாத்தாள் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பஸ்ஸில் வந்து கையை நீட்டினாள். முயல் மூளை என்று தெரிந்ததும், "அத்தனையும் என்ற ஒருத்திக்கா? முயலுக்கு நான் எப்படிங்க பதில் சொல்றது?" என்று விசனப்பட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு புது வழக்கம் வந்தது. பெரிய டாக்டரே தன் கையால் எழுதி எல்லா வார்டிலும் ஒட்டினார். காரணம் தெரியாமல் ரத்தம் கட்டி வருகிற யாராக இருந்தாலும், குறிப்பாக இடம் மாறி மாறிக் கட்டினால், தலை முதல் கால் வரை பரிசோதிக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கீழே, 'சந்தேகம் இருந்தால் லேப் அக்பர் அலியைக் கேட்கவும்' என்று ஒரு வரி.

எல்லாக் கதையும் ராசாத்தாள் கதை போல முடியவில்லை. அடுத்த எட்டு வருஷத்தில் அப்படி ஐந்து பேர் வந்தார்கள். மூன்று பேருக்கு வயிற்றைத் திறக்கும்போதே நேரம் தாண்டியிருந்தது. அந்த மூன்று தடவையும் அக்பர் அலி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தார். ஆமினா வற்புறுத்தவில்லை. ஆனால் 1962இல் மதுக்கரை சிமென்ட் ஆலைத் தொழிலாளி ஒருவர் கழுத்து நரம்பில் கட்டியோடு வந்தார். வலது சிறுநீரகத்தில் இருந்ததைக் கண்டுபிடித்து எடுத்தார்கள். நாலு மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார். 1965இல் பள்ளிக்கூட வாத்தியாரம்மா கனகத்துக்குக் குடலில் இருந்ததை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

1966இல் கோவையில் சுற்று வட்டார டாக்டர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் கோமளா இதைப் பற்றிப் பேசினாள். அக்பர் அலி செய்த ஸ்லைடைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டினாள். உறைந்த ரத்தத்து வலையும் அதற்குள் பதுங்கிய அணுக்களும் வீட்டுக் கதவு உயரத்துக்குத் தெரிந்தன. எத்தனை பேருக்கு இந்த டெஸ்ட் செய்து பார்த்தீர்கள், வெறும் தற்செயலாக இருக்கக் கூடாதா என்று மதராஸிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் கேட்டார்.

"அதுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கடைசி வரிசையில உக்காந்திருக்கார்" என்றாள் கோமளா.

முந்நூறு டாக்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்பர் அலி எழுந்தார். இங்கிலீஷில் சொல்ல வேண்டுமோ என்று நினைத்தார். வரவில்லை. தமிழிலேயே சொன்னார்.

"இதுவரைக்கும் ரெண்டாயிரத்து நூத்திப் பதினாலு பேருங்க. மூணு நிமிஷத்துக்குக் கீழ உறைஞ்சது ஏழு பேருக்கு. ஏழு பேருக்கும் உள்ள புற்று இருந்துச்சுங்க. சாதாரணமா உறையறவங்கள்லயும் புற்று இருக்கறவங்க உண்டுங்க. அதனால இந்த எண்ணை மட்டும் வெச்சு முடிவு பண்ணக் கூடாது. ஆனா இந்த எண் வந்துச்சுன்னா, தேடாம வுடக் கூடாதுங்க. அவ்வளவுதானுங்க எனக்குத் தெரிஞ்சது."

அந்தப் பேராசிரியர்தான் முதலில் கை தட்டினார். பிறகு மண்டபம் முழுக்கத் தட்டியது. அக்பர் அலிக்கு உட்காருவதா நிற்பதா என்று தெரியவில்லை. பெரிய டாக்டர், இப்போது தலை நரைத்துக் கோல் ஊன்றியிருந்தவர், பக்கத்து நாற்காலியிலிருந்து, "நில்லுங்க அக்பர். இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்க" என்றார்.

1968இல் ராசாத்தாள் பத்தாம் வருஷப் பரிசோதனைக்கு வந்தாள். கோமளா எல்லாம் பார்த்துவிட்டு, சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தாள்.

"இனிமே வர வேண்டியதில்ல. முழுசா நல்லா இருக்கீங்க."

ராசாத்தாள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வரவே வேண்டாமுங்களா?"

"உடம்புக்கு ஒண்ணுன்னா வாங்க. இதுக்காக வர வேண்டாம்."

மாடிப்படிக்குக் கீழே வந்து அக்பர் அலியிடம் முறையிட்டாள். "டாக்டரம்மா என்னைத் தாட்டிவுட்டாங்க பாயி. பத்து வருஷமாப் போக்குவரத்தா இருந்தது போச்சு."

"போயிட்டு வாங்க அம்மணி. நல்ல சேதிதானே."

"நல்ல சேதிதானுங்க. ஆனா சும்மா போக மாட்டேன்." கூடவே வந்திருந்த செங்கோடனைப் பார்த்தாள். "இவர்த்த சொல்லிப்போட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்குது. ஊரைப் பூராச் சுத்திப் பாக்கோணும். வண்டி வேண்டாம், நடந்தே போறம். உங்க ஊட்டுக்கார அம்மாளையும் ஒருக்காப் பாக்கோணும். இத்தனை வருஷத்துல பாத்ததே இல்லீங்களே. கோட்டைமேடு எந்தப் பக்கமுங்க?"

அக்பர் அலி தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக, டெஸ்ட் ஏதும் மிச்சமில்லாத ஒரு மத்தியானத்தில் பாதி நாள் லீவு எழுதிக் கொடுத்தார். மூன்று பேரும் வெயிலில் இறங்கி நடந்தார்கள். முன்னால் ராசாத்தாள் போனாள். அவள் நடைக்கு ஈடு கொடுக்க முடியாமல் செங்கோடன் இரண்டு தடவை, "சித்தெ நில்லு புள்ள" என்று கூப்பிட வேண்டியிருந்தது. அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாளே தவிர, நிற்கவில்லை.